வெற்றிலைக்குச் சுட்ட சிப்பிகள்

பாடப்புத்தகத்தில், கல்லில் பதிந்த உயிர்ச்சுவட்டுப் படத்தைக் காட்டி, “வாப்பா கண்டிருக்கீங்களா?” என்று கேட்டீர்கள். கண்டது மட்டுமா பிள்ளைகளே, வெற்றிலையோடு மென்றும் இருக்கிறேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அரபு நாட்டில் நான் சாரதியாக இருந்த பாலைவனத்தில் ஒரு மணற்கல் மேடு. கடலுக்குப் போக ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும். ஆனாலும் அந்தக் கல்லுக்குள் சிப்பிகள் வரிவரியாகப் பதிந்து கிடந்தன. காற்று கல்லை அரிக்க அரிக்க அவை வெளியே நீட்டும். மனிதர் உண்டாகுமுன் அங்கே கடல் இருந்ததாம். அதை ஆராய வந்த ஒரு அம்மாவை நான்தான் ஏற்றிப்போவேன். அவர் ஒரு வரியைத் தூரிகையால் துப்புரவாக்கி, சுற்றிவர வெள்ளை மை பூசி, “திரும்பி வந்து அளப்பேன், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்” என்று போனார்.

எங்கள் கூடாரத்தில் எல்லாரும் நம்ம கல்முனைக் கடற்கரைப் பக்கத்து ஆட்கள். சந்தையில் எப்படியோ வெற்றிலையும் பாக்கும் கிடைத்தன. சுண்ணாம்புதான் இல்லை.

“வெறும் வெத்திலய மெல்ல நான் என்ன ஆடா?” என்றார், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் சமையல்காரர். “சிப்பி கிடக்கிற இடம் உனக்குத் தெரியும்தானே தம்பி.”

“அது அந்தம்மா குறிச்சு வெச்சது காக்கா.”

“ஓம், கடலே போயிட்டு, சிப்பிய மட்டும் அவவுக்கு எழுதிக் குடுத்திரிக்காக்கும்! ஊருல சுண்ணாம்புக்கு மூட மூடயா சுடுறம். கொஞ்சம் கொண்டு வாடா.”

போனேன். துப்புரவாக்கிய வரிதான் கழற்ற லேசு. டயர் கழற்றும் கம்பியால் நெம்பி எடுத்தேன். கரியில் சுட்டுத் தண்ணீர் தெளித்தோம். கொதித்துப் பூத்து வெள்ளைச் சுண்ணாம்பானது. வாய் சிவக்கச் சிரித்தோம்.

அந்த அம்மா திரும்பி வந்து, குழிகளின் முன்னால் முழங்காலிட்டு, “காற்றா?” என்று கேட்டார்.

“இல்லை, நான்” என்றேன். சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டினேன். விளங்கிய பிறகும் அவர் ஏசவில்லை. கூடாரத்துக்கு வந்து அடுப்புச் சாம்பலை அரிக்கச் சொன்னார். அரைவேக்காட்டுச் சிப்பி இரண்டு கிடைத்தன. அவர் கை பட்டதும் உதிர்ந்தன.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். சிப்பிகளின் குழிந்த பக்கம் மேலே பார்த்துக் கிடந்ததா, கீழேயா? அதை வைத்துத்தான் அந்தக் கடல் அமைதியாக இருந்ததா, அலையடித்ததா என்று சொல்லலாமாம்.

கடற்கரையில் பிறந்தவன் நான். எது தடிப்பு என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன், சிவந்த வாயைத் திறக்காமல்.