மலை பஸ்ஸின் உள்கண்ணாடி

என் அக்கா வீட்டுக்காரர் மாதவராஜ், அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு டிரைவர். பொழுதுபோக்குக்குப் படம் வரைவார். அவருக்கு எது வேலை, எது பொழுதுபோக்கு என்று கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் பல வருஷக் கோபம். அது எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனதில் எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் காலை டீ குடித்ததும் ஜன்னல் பக்கம் பலகையைச் சாய்த்துவைத்துக் குனிந்தாரென்றால், சாப்பிடக் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். அவர் வரைகிற முறை எனக்குக் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். காலண்டரிலோ பத்திரிகையிலோ ஒரு படத்தை எடுப்பார். அதன்மேல் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போடுவார். காகிதத்தில் அதையே பெரிய கட்டமாகப் போடுவார். அங்கே நாலாவது கட்டத்தில் மூக்கு முடிந்தால் இங்கேயும் நாலாவது கட்டத்தில் முடியும். ஒரு நூல் பிசகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்.

“அடேங்கப்பா, போட்டோ மாதிரியே இருக்குதுங்க!”

அதைக் கேட்டால் மாமாவுக்கு வயிறு நிறைந்துவிடும். ஒகேனக்கல் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் மாமா வரைவது ஏதோ வெளிநாட்டு அருவி. “தண்ணி அங்கதான் தெளிவா விழுவுதா மாமா?” என்று நான் சீண்டினால், “ஒகேனக்கல்லுக்கு நல்ல போட்டோ கெடைக்கல மச்சான்” என்பார். விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே அதுதான் காரணம்.

என் அக்கா சுகுணா மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பதினோரு வருஷம் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போய் மாலை பஸ்ஸில் இறங்கினாள். மாமாவுக்கு டூட்டி இருக்கும் நாளில் அது மாமா ஓட்டும் பஸ். அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“என்னையும் ஒண்ணு வரைங்களேன்.”

“நீ எங்க போயிடப் போற? அப்புறம் பாத்துக்கலாம்.”

இந்தப் பேச்சை என் காதாலேயே மூன்று தடவை கேட்டிருக்கிறேன். டிப்போவில் ஓய்வு பெற்றவரை வரைந்தார். எதிர் வீட்டுக் குழந்தையை வரைந்தார். யாரோ எவரோ கொண்டுவந்து கொடுத்த தாத்தா படத்தை எல்லாம் வரைந்தார். ஒரு பொங்கலுக்கு எல்லார் முன்னாலும் கேட்டே விட்டேன். “ஊரையே வரையறீங்க, எங்க அக்கா என்ன பாவம் பண்ணா?” மாமா கோபப்படவில்லை. “உங்க அக்காவுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லையே மச்சான்” என்றார். அதுவும் உண்மைதான். அக்காவுக்கு ஒரு சிங்கப்பல் உண்டு. கேமராவைக் கண்டால் போதும், பல் தெரியக்கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொள்வாள். கல்யாண ஆல்பத்திலிருந்து போன் வரைக்கும் அவள் படம் எல்லாமே அப்படித்தான். ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது போட்டோ எதற்கு என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பெரிய சண்டையே ஆகியிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு என்றார்கள். ஆறாவது நாள் போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது.

மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமே. அவள் மகள் மணிமேகலை சேலத்தில் நர்ஸிங் படிக்கிற பெண். அழுதுகொண்டே எல்லார் போனையும் வாங்கித் தேடினாள். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் ஸ்டூடியோவில் பெரிசு பண்ணி பிரேம் போட்டோம். அதில் அக்கா ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று மாமா என் அம்மா சாலம்மாளிடம் சொன்னார். “அத்த, சுகுணாவ நான் வரையறேங்க. வருஷத் திதிக்குள்ள முடிச்சு மாட்டிடறேன்.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஒரு படத்தை நம்பித்தான் மாமா அடுத்த ஒரு வருஷத்தை ஓட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

முதலில் பழைய முறைதான். ஆதார் படத்தில் கட்டம் போட்டு வரைந்தார். அப்புறம் கல்யாண ஆல்பம். அப்புறம் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்புப் படம். நாலு படம் முடித்து வரிசையாக வைத்திருந்தபோது நான் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “போட்டோ மாதிரியே இருக்குதுங்க” என்றார். மாமா எழுந்து வந்து நாலையும் கிழித்தார்.

“அதாங்க கோளாறு,” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “உசுரோட இருக்கறப்ப வரைங்கன்னு கேட்டா. அப்ப வரையல. இப்ப யாரு பாக்கறதுக்கு இதெல்லாம்?” என்று கத்தினேன். மணிமேகலை பக்கத்தில் நின்றாள். அவள் எதிரில் அப்படிப் பேசினதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. மாமா கிழிந்த காகிதத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டூட்டிக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்கு வேறு ஒன்று கிடைத்தது. டிரைவர் தலைக்கு மேலே, பஸ்ஸுக்குள் இருக்கிற ஆட்களைப் பார்க்க ஒரு நீளக் கண்ணாடி இருக்கும். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது அதில் குள்ளம்மாள் தெரிந்திருக்கிறாள். சந்தைக்குப் புளி கொண்டுபோகிற மலைக்காரப் பெண். மடியில் மூட்டையை வைத்து, அதன்மேல் கன்னத்தை அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஓய்வில் மாமா அவளை வரைந்தார். போட்டோ இல்லை, கட்டம் இல்லை. கண்ணாடி எப்படியோ அப்படியே, காகிதத்தையும் நீளமாக, ஒல்லியாக வெட்டிக்கொண்டார். குறுக்கே சீட்டுக் கம்பி. நெற்றிக்கு மேலே படம் வெட்டுப்பட்டுவிட்டது. ஆளைவிட மூட்டை பெரிசாக இருந்தது.

“என்ன மாமா, பாதித் தலையக் காணோம்?” என்று சிரித்தேன்.

“கண்ணாடியில அவ்ளோதான் தெரியும் மச்சான்.”

அந்தப் படத்தைக் கண்டக்டர் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்ட, குள்ளம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் தூங்கறப்ப எவன்டா என்னப் பாத்தது?” என்று சண்டைக்கு வந்தாளாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. போட்டோ மாதிரி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் யார் என்று கேட்கவும் இல்லை.

அதிலிருந்து ஏழெட்டு மாதம் மாமா அந்தக் கண்ணாடியைத்தான் வரைந்தார். சாமை மூட்டையோடு ஏறுகிறவர்கள், வளைவில் வாந்தி வந்து ஜன்னலில் தலையைச் சாய்க்கிறவர்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை, எல்லாமே நீளத் துண்டில், கம்பிக்குப் பின்னால். நிறம்கூட மாறிப்போயிற்று. காலண்டர் நீலமும் பச்சையும் போய், பழைய சீட்டின் பழுப்பும் பனிப்புகையும் வந்தன. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் இது என் மாமா போட்ட படம் என்று எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். முன்னே வரைந்த அருவியை யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனித்தேன். எல்லாப் படத்திலும் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. பஸ்ஸே பிதுங்குகிற படத்திலும் அந்த இடம் காலி.

“அங்க யாரும் உக்கார்றதில்லையா மாமா?”

“உக்கார்றாங்க. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது,” என்றார்.

அது அக்கா உட்காரும் இடம். நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன்.

திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாமா வீட்டிலிருந்த அக்கா படங்களை எல்லாம் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மாலை போட்ட படத்தையும் விடவில்லை. “செத்தவ படத்தக் கழட்டலாமா?” என்று அம்மா பெரிய ரகளை பண்ணினாள். “அதப் பாத்தா அதுவேதான் கையில வருதுங்க அத்த” என்று கெஞ்சி அனுமதி வாங்கினார். அந்த மாதம் முழுக்க, ஓய்வு நாளில் கதவைச் சாத்திக்கொண்டார்.

திதியன்று படையல் போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது, துணி மூடிய படத்தை மாமா கொண்டுவந்து வைத்தார். மணிமேகலை துணியை எடுத்தாள். “அம்மா” என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் ஜன்னலோரம் அக்கா. பக்கத்தில் யாரோ சொன்னதற்குச் சிரித்து, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கண்ணை மேலே தூக்கி நேராகப் பார்க்கிறாள். சிங்கப்பல் நன்றாகத் தெரிகிறது. என் அக்காதான். ஆனால் அந்தப் பார்வையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது தம்பியைப் பார்க்கிற பார்வை இல்லை. அவள் கண்ணாடியில் மாமாவைப் பார்த்த பார்வை.

அம்மா படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“எல்லாம் சரிங்க மாப்ள. மூக்குத்தி மாறிப் போச்சிங்களே.”

“எப்படிங்க அத்த?”

“எம்புள்ளைக்குச் சோத்தாங்கைப் பக்கம். ஏழு வயசுல நாந்தான ஆசாரிகிட்ட உக்கார வெச்சுக் குத்துனேன். நீங்க பீச்சாங்கைப் பக்கம் போட்டிருக்கீங்க.”

“இல்லீங்க. இந்தப் பக்கந்தான்” என்று மாமா தன் மூக்கின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். சந்தேகமே இல்லாமல் காட்டினார்.

எனக்குப் பழைய கோபம் எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறிற்று. “இருபத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணீங்க. பொண்டாட்டிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியாதா உங்களுக்கு?”

மாமா பீரோவைத் திறந்தார். ஆதார் படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தார். “சரி பண்ணிடறேங்க அத்த” என்று படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் பின்னாலேயே போனேன், இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான். அவர் இடப்பக்க மூக்குத்தியைத் தோல் நிறத்தால் மறைத்து, வலப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். உடனே ஈரத்துணியை எடுத்து அவசரம் அவசரமாக இரண்டையும் துடைத்தார். காயாத நிறத்துக்குக் கீழே பழைய மூக்குத்தி மறுபடி தெரிந்தது.

“மாத்துனா யாரோ ஒருத்தியாயிடறா மச்சான்,” என்றார். “அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியல.”

“கண்ணாடியில பக்கம் மாறித் தெரியும்னு டிரைவருக்குத் தெரியாதா மாமா?”

“தெரியும். அதில்ல.” அவர் பலகைக்கு எதிரே, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். “டூட்டி அன்னிக்குக் கண்ணாடியில பாத்தேன். மறுநாள் காலையிலயும் ராத்திரியும் வூட்டுல எனக்கு எதிர்லதான் நடமாடினா. சோறு கொண்டாந்து வெச்சா. என்னை வரைங்கன்னு இங்கதான் நின்னு கேட்டா. நான் காகிதத்தத்தான பாத்துட்டு இருந்தேன். ஒரு தடவ நிமுந்து பாத்திருந்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்குமே மச்சான்.”

நான் கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெளியே வந்தேன். “மாத்திட்டாரா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. அவரு பாத்த அக்கா அவ்ளோதான். விட்டுடு,” என்றேன்.