தனசிங் ஓட்டலில் சிவப்பு அம்புகள்

பெருங்களத்தூரில் தன் தம்பி தனசிங்குக்குச் சொந்தமாக ஓட்டல் இருக்கிறது என்பதை ரத்தினபாய் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லிவிடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கிங் வேலை. சட்டையை உள்பக்கம் புரட்டித் தையல் தையலாகப் பார்ப்பாள். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

2006-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து கடைக்கு வந்தவளிடம் தனசிங் பக்கத்துக் கடையையும் எடுக்கப்போவதாகச் சொன்னான். மறுநாள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகள் வருகின்றன, இடம் பெரிதானால் கூட்டம் தானாக வரும் என்றான். அப்போது மணி ஒன்று. பாதி மேசை காலி. அவளுக்கு உறுத்தியது. சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு, கைப்பையில் கிடந்த ஸ்டிக்கர் தாளோடு பின்கட்டுக்குப் போனாள்.

எச்சில் இலைகளில் குழம்புச் சோறு அப்படியே கிடந்தது. மோர்ச் சோறு மட்டும் காலியாகியிருந்தது. குழம்பு அண்டாவில் ஓர் அம்பு. சமையல் செய்யும் கங்கையம்மாளோ வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இங்குள்ள சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவள் டப்பாவிலும் ஓர் அம்பு விழுந்தது.

முன்பக்கத்துப் பலகையில் நாற்பத்திரண்டு அயிட்டம். ஆறு பேர் கேட்டதில் ஐந்து பேருக்கு “இல்லை” என்றே பதில் வந்தது. தினம் சாப்பிட வந்த பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும் எதிர் டீக்கடை பெஞ்சில் பன் தின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பிறகு, தூசிக் காலோடு உள்ளே வரக் கூச்சமாம்.

நாலு மணிக்குள் கடையே சிவந்துவிட்டது. ஏதாவது தள்ளுபடியா என்று ஒருவர் விசாரித்தார்.

“மானம் போவுதுக்கா. எல்லாத்தையும் பிச்சுப் போடு” என்றான் தனசிங்.

ரத்தினபாய் கடைசி அம்பை அவன் வெள்ளைச் சட்டைப் பையில் ஒட்டினாள்.

“இதுல என்னாக்கா கொறை? ஒரு கறை காட்டு பாப்போம்.”

“அதாண்டா கொறையே. முன்னெல்லாம் உன் சட்டையில கொழம்பு வாசனை அடிக்கும். கடைசியா எப்ப கரண்டி புடிச்ச?”

தனசிங் பின்கட்டுக்குப் போனான். அண்டாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தான். வைத்ததை வாசலில் போய்த் துப்பினான். மறுநாள் பக்கத்துக் கடைக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அடுத்த நாளிலிருந்து விடியற்காலையிலேயே மசாலா அரைக்க உட்கார்ந்தான். பலகையில் எட்டு அயிட்டம் மட்டும் மிஞ்சியது. கண்ணாடிக் கதவைக் கழற்றி வைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து ரத்தினபாய் சாப்பிடப் போனபோது உட்கார இடமில்லை. முன்னால் போகப் பார்த்தவளை ஒரு கண்டக்டர், “இன்னாம்மா, நாங்கல்லாம் நிக்கறது தெரியல?” என்று தடுத்தார். தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வாயெல்லாம் பல்லாக வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.