நவமணி அக்காவின் சிபாரிசு

புதிதாக வேலைக்கு வந்த பெண் கேரனை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ஈப்போவில் எங்கள் சின்ன ஆபீசில் கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஆப் செய்கிறோம். அழைப்பு கைப்பேசிக்குப் போகும். விருந்தாளி ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’ என்று அழுத்துவார். அந்தக் கணக்குக்குச் சமைப்பார்கள். அந்த ஆப்பை எழுதியவன் என் பக்கத்து மேசை ரூபன், இங்கேயே சிலிபின் வட்டாரத்துக்காரன். வாடிக்கையாளர் போனையும் அவனே எடுப்பான். யார் என்ன கேட்டாலும் “செஞ்சிரலாம் லா அக்கா” என்பான், அன்றைக்கே செய்தும் கொடுப்பான். ஆப்பில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் புரோடக்ட் மேனேஜர் பதவி ஒன்று வருகிறது என்று முதலாளி பெரியநாயகம் சொன்னதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் போனோடு மாரடித்தவன், பாவம்.

அந்த நேரம் பார்த்துக் கமுந்திங் ஊர்ச் சமையல்காரர் நவமணி அக்கா போனில் கத்தினார். “ஆப்ல எல்லாரும் வாரேன்னு போட்டிருக்காங்க, பாதிப் பேரக் காணோம்! இவ்வளவு பிரியாணிய யாரு தலையில கொட்டுறது?”

ரூபன் பேசிப் பேசி அவரைச் சிரிக்கவே வைத்துவிட்டான். அவர் கேட்டபடி ‘வரவில்லை’ பொத்தானைப் பெரிதாக்கிச் சிவப்பும் அடித்தான். அடுத்த கல்யாணத்திலும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

கேரனும் எங்களைப் போல் புரோகிராம் எழுதுபவள்தான், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் போனே எடுக்கமாட்டாள். சனிக்கிழமை கல்யாண மண்டபங்களில் சுற்றினாள். திங்கட்கிழமை முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

“மச்சான், கூடவே இருந்து ஒனக்குக் குழி பறிக்கிறா.”

“எனக்கும் அப்படித்தான்டா தோணுது,” என்றான் ரூபன்.

ஒருநாள் அவளை மடக்கினேன். “மண்டபத்துல ஒனக்கு என்ன வேலை?”

“வராத கல்யாணத்துக்கு ஏன் வாரேன்னு போடுறீங்கன்னு கேக்கப் போனேன் அண்ணே. ‘நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா எவளாவது வரலன்னு சொல்லுவாளா?’ன்னு ஒரு அம்மா என்னையே ஏசிட்டாங்க.”

அந்தச் சிவப்புப் பொத்தானையே தூக்கிவிட்டு, ‘வீட்டிலிருந்தே வாழ்த்துகிறோம்’ என்று வைக்கச் சொன்னாள். ரூபன்தான் எழுதினான். அதன்பிறகு பிரியாணி மிஞ்சவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதவி கேரனுக்குப் போனது. “சொன்னேன்ல? பாத்தியா அவ வேலைய!” என்று நான் குதித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ரூபன் ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, நவமணி பேசுறேன்! ஒன்னய மேல தூக்கப் போறதா கேள்விப்பட்டேன். அய்யய்யோ ஆலாமா, அப்புறம் எங்க போன யாரு எடுக்குறது? எங்க பக்கத்துத் தைப்பிங் சமையல்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு நேரா ஒங்க பாஸ்கிட்டயே போயிட்டேன். கேரனப் போடலாமான்னு யோசிச்சாரு. தாராளமா போடுங்க, எங்க ரூபன மட்டும் போன்லேர்ந்து எடுக்காதீங்கன்னு அடம்பிடிச்சு வாங்கிட்டேன்லா. சந்தோஷம்தானே?”

ரூபன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சந்தோஷம்தான் லா அக்கா,” என்றான். “வேற என்ன செய்யணும், சொல்லுங்க.”