ஓடுகிற மெஷினில் வைத்த கை

முதல் முறை அது வந்தபோது, காய்ந்த தோசைக் கல்லை இழுத்துக்கொண்டு விழுந்தேன். கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தம். வலது தோள் கழன்று தொங்கியது. வலிப்பு நோய் (மூளையின் மின்னோட்டம் திடீரென்று தாறுமாறாவது) என்றார் மருத்துவர்.

மாத்திரை தொடங்கியும் அது விடவில்லை. ஒவ்வொரு முறையும் நாலு பேர் சேர்ந்து அடித்துப் போட்ட மாதிரி எழுந்தேன். தொடையெல்லாம் நீலம், உள்ளங்கையில் சாவி கிழித்த காயம், உடைந்த பல். நோயை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக ஆலையில் தரப்பிரிவில் இருக்கிறேன். பாகம் அடிபட்டு வந்தால் ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று அடிவரை தோண்டுவது எங்கள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் உடம்பையே அப்படித் தோண்டினேன். என் கணவர் செல்வத்தை உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

பல் ஏன் உடைந்தது? வாயில் ஸ்பூனைத் திணித்ததால். உள்ளங்கை ஏன் கிழிந்தது? சாவியைத் திணித்ததால். தோள் ஏன் கழன்றது? உதறும்போது மேலே ஏறி அமுக்கியதால். நாக்கைக் கடித்துக் கிழித்தது, தோசைக் கல்லில் சுட்டது மட்டும்தான் நோய். மீதி எல்லாம் இவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். பக்கத்து ஆலையில் மெயின்டெனன்ஸில் இருப்பவர். பவரை நிறுத்தி, யாரும் திரும்பப் போட முடியாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போடாமல் எந்த மெஷினையும் தொடமாட்டார்.

“ஓடுற மெஷின்ல கை வெப்பியா?” என்றேன்.

“இன்னா கேள்வி இது? வெக்க மாட்டேன்.”

“அப்போ எம்மேல மட்டும் ஏன் வெச்ச?”

“வுட்டா நீ செத்துப் பூடுவன்னு நெனச்சேன்,” என்றார். அழுதார். அந்த ஏனுக்குக் கீழே தோண்ட எனக்கு எதுவும் இல்லை.

இருவருமாக மருத்துவரிடம் போனோம். “அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில, கையில எதுவும் குடுக்காதீங்க. பக்கத்துல இருக்கிறதை நகர்த்திட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்,” என்றார். தூக்கத்தைக் கெடுக்கும் நைட் ஷிஃப்டும் எனக்குக் கூடாது என்றார்.

“அதுவரைக்கும் சும்மா நிக்கணுமா டாக்டர்?” என்றார் செல்வம்.

“ஆமா. அதுதான் கஷ்டம்.”

உங்கள் வீட்டிலும் வலிப்பு இருந்தால், அந்தக் கஷ்டத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

நைட் ஷிஃப்டை விட்ட பிறகு வெகுநாள் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. அந்தச் சில நிமிடங்கள் என் வாழ்க்கையில் இல்லவே இல்லை. அவற்றை முழுதாக வாழ்ந்தவர் அவர்தான்.

தெளிந்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன். எழுந்து உடம்பைத் தடவிப் பார்த்தேன். தோள் இடத்தில் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் செல்வம். அவருடைய இரண்டு புஜங்களிலும் அவருடைய நகங்களே பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.