நான் மாற்றாமல் விட்ட ஷாஃப்ட்

என் பழைய அமெரிக்கக் கார் இன்னும் சீறிப் பாய வேண்டுமென்று பின் அச்சின் கியர்களை மாற்றினேன். "இந்த கியருக்கு, எஞ்சின்லேருந்து பின் அச்சுக்குப் போற பழைய ஷாஃப்ட் தாங்காதுண்ணே, அதையும் மாத்திடுங்க," என்றார் மாசாய் ஊர் மெக்கானிக். நான் கேட்கவில்லை. மனைவியிடம், "எல்லாம் சரியாம்," என்று சொல்லிவிட்டேன்.

மனைவியோடு செனாய் நெடுஞ்சாலையில் வேகமெடுத்தபோது ஷாஃப்ட் உடைந்து, காருக்கடியில் இடிபோல் அடித்தது. கார் தடம் மாறி இழுத்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து ஓரத்துக்குத் திருப்பினேன். லாரி எங்களை உரசாமல் ஒதுங்கிப் போனது.

ஓரமாய் நின்றதும் மனைவி கேட்டாள்: "மெக்கானிக் சரின்னுதானே சொன்னாரு?"

"இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கதவைத் திறந்தாள். இறங்கித் தள்ளிப் போய் நின்றாள்.

ஷாஃப்ட்டை மாற்றிவிட்டேன். ஆனால் "கார்ல போலாமா?" என்று அவளிடம் கேட்க இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.