இரண்டு விரல் பெரிய பூட்ஸ்

திருப்போரூர் கடையில் மகளுக்கு ஷூ எடுக்கும்போது புது ரப்பர் வாசனை என் பழைய பூட்ஸை நினைவூட்டியது. நான் சிறுமியாக இருந்தபோது, தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த கொரியாக்காரர்களின் கிளப், ஞாயிறுதோறும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தந்தது. பூட்ஸ் வாங்கித்தர, தாளில் கால் அளவு வரைந்துவரச் சொன்னார்கள்.

“வளர்ற பொண்ணு, ரெண்டு விரல் தள்ளி வரைடீ,” என்றாள் அம்மா.

வந்த பூட்ஸ் காலில் நிற்கவில்லை. இனாமாக வந்ததை மாற்றித் தரக் கேட்க வாய் வரவில்லை. போட்டியன்று கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கால் வளர்ந்து பூட்ஸ் கச்சிதமாகப் பொருந்தியபோது, அவர்கள் நாடு திரும்பியிருந்தார்கள். மைதானத்தை வீட்டுமனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தது.

“ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கினா அடுத்த வருசத்துக்கும் ஆவும்க்கா,” என்றார் கடைக்காரர்.

“வாணாம்பா. இன்னிக்கி காலுக்கு எது சரியா கீதோ, அத்த குடு.”