அப்பாவின் பீடிக்கு நெருப்பு

வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தில் யாரோ பீடி பற்றவைத்தார்கள். ஐம்பது வயதுக்காரியான நான் நாகரிகமாக முகம் சுளித்திருக்க வேண்டும். ஆனால் ஆழ மூச்சிழுத்துவிட்டேன்.

உடனே எனக்கு ஒன்பது வயது. கள்ளக்குறிச்சி வீட்டுச் சமையலறை, மூடுபனி போலப் புகை, விறகடுப்பில் சிவந்த கங்கு. அப்பாவின் பீடியை அடுப்பில் பற்றவைத்து வாசலுக்குக் கொண்டுபோவது என் வேலை. வழியில் அணையாமலிருக்க ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லித்தந்தவரும் அவர்தான். வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கடமையுணர்ச்சி மிகுந்த நான் ஒன்றை நான்காக்கினேன்.

ஒருநாள் பீடி வரத் தாமதமாகவே, அப்பா உள்ளே வந்தார். என் மூக்கு வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

“அணையாம பாத்துக்கினு கீறேம்பா.”

“எம்மா நாளா?”

“நீ சொன்னதுலேர்ந்து.”

அவர் அடிக்கவில்லை. பீடியைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

பீடியை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் மறுநாளே தீப்பெட்டி வாங்கிவிட்டார். அடைமழையிலும் கொல்லையில் குடையை இடுக்கிக்கொண்டு, நமத்த குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருப்பார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். என்னைக் கூப்பிடமாட்டார்.